எண்ணெய்ச் சட்டிக்கு வந்த சக்களத்திகள்

வேதியியல்காரர்களுக்குப் பொறுமை கிடையாது. ஆனாலும் வேறு வழியில்லாமல் காத்திருந்தார்கள். குடுவையை எண்ணெய்ச் சட்டியில் முக்கி, அடியில் சூடு வைத்து, வினை முடியும்வரை ராத்திரி முழுக்கத் தேவுடு காப்பார்கள். இதற்கு முனைவர் பட்டம் வேறு.

இந்தத் தவத்தை முதலில் கலைக்கப் பார்த்தவர் ஆல்ஃபிரட் லூமிஸ். வால் ஸ்ட்ரீட்டில் சம்பாதித்த காசைக் கொட்டி, நியூயார்க் மாநிலத்து டக்சிடோ பார்க்கில் சொந்த ஆய்வுக்கூடமே வைத்திருந்த மகராசன். 1927-இல் இயற்பியலாளர் ராபர்ட் வுட்டும் இவருமாகக் காதுக்கு எட்டாத ஒலியைத் தண்ணீரில் பாய்ச்சினார்கள். குட்டி மீன்களும் தவளைகளும் செத்தன. அறிவியல் வளர்ந்தது. அதே ஆண்டு வேதியியலாளர் ரிச்சர்ட்ஸோடு சேர்ந்து, இந்த ஒலி வேதிவினையையும் முடுக்கும் என்று லூமிஸ் எழுதினார். ஒலியலை திரவத்தில் நுண்குமிழிகளை ஊதுகிறது. அவை சட்டென்று நசுங்கும்போது உள்ளே கண நேரத்துக்குச் சுமார் 5000 கெல்வின் சூடு. சுற்றியுள்ளது பச்சைத்தண்ணீர் மாதிரியே கிடக்கும்! கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு எண்ணெய்ச் சட்டிக்கே திரும்பினார்கள். 1980-இல் பிரான்சில் லூஷ் என்ற வேதியியலாளர், லித்தியத்தை ஒலியால் உலுக்கி வினைபுரிய வைத்துக் காட்டிய பிறகுதான் பலருக்கு முழிப்பு வந்தது.

இரண்டாவது சக்களத்தியான நுண்ணலையின் கதை இன்னும் மோசம். 1945-இல் ரேதியான் நிறுவனத்தில் நுண்ணலை கக்கும் ரேடார்க் குழாய் பக்கம் நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகியது. மனுஷன் சலவைக்காரரைத் தேடாமல் காப்புரிமை தேடினார். 1947-இல் வந்த முதல் நுண்ணலை ஓவன் ஆள் உயரம், 340 கிலோ. சோறு சூடாக்க ஒரு இரும்பு பீரோ.

வேதியியல்காரர்கள் அதைத் திரும்பிப் பார்க்க 1986 ஆயிற்று. கனடாவில் கெடியின் குழுவும் அமெரிக்காவில் ஜிகேரின் குழுவும், கடையில் விற்கும் சமையல் ஓவனுக்குள் கரிம வினைகளை வைத்துப் பார்த்தன. மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடிந்தது. மூடிய பாத்திரம் வெடிப்பதும் நடந்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்புறம் வழக்கம்போல் சாமியார்த்தனம். நுண்ணலைக்கு வெப்பம் தாண்டிய தனி மகிமை உண்டென்று இருபது ஆண்டுச் சண்டை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து வேதியியலாளர் காப்பே, சிலிக்கான் கார்பைடு குப்பியில் வினையை வைத்தார். அந்தக் குப்பி அலையைத் தானே விழுங்கி, உள்ளே சூட்டை மட்டும் அனுப்பும். அலை நேரே படும் கண்ணாடிக் குப்பியில் வந்த விளைவும் அநேகமாக அதேதான். மகிமையெல்லாம் மூடிய பாத்திரத்தில் கொதிநிலையைத் தாண்டிய சூடு. நம் வீட்டுக் குக்கருக்கு எப்போதோ தெரிந்த சங்கதி.

ஒரே ஒரு வேண்டுகோள்: வினை வைத்த ஓவனில் மதியச் சாப்பாட்டைச் சூடாக்காதீர்கள்.