உரிக்கப்படாத கார்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, நங்கநல்லூரிலிருந்து தியாகராய நகருக்குப் போகிற வழியில், கத்திப்பாரா மேம்பாலத்தின் மீது, என் மனைவியின் தம்பி மகன், பதினோரு வயதுப் பாலகன், என் பக்கத்து ஆசனத்தில் பரம சாதுவாக உட்கார்ந்திருந்தவன், என் புதுக் காரின் பெரிய திரை மீது ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் முழுவதையும் சர்ரென்று உரித்தெடுத்து, நாலாக மடித்து என் மடியில் வைத்து, "மாமா, இதை எடுக்க மறந்துட்டீங்க" என்றான்.

மறந்துவிட்டேனாம். இருபத்தாறு நாட்களாக அந்தத் தாளை நான் எவ்வளவு சிரத்தையுடன் பாதுகாத்து வந்தேன் என்பதும், இடது கீழ்மூலையில் காற்றுப் புகுந்து ஒரு கொப்புளம் எழும்பியபோது தினந்தோறும் காலையில் கட்டைவிரலால் அதைத் தடவித் தடவி அமுக்கி வைத்தேன் என்பதும், அக்கொப்புளத்தின் உபயத்தால் வரைபடத்தில் சைதாப்பேட்டை மட்டும் வீங்கித் தெரிந்ததைக்கூட நான் பொருட்படுத்தவில்லை என்பதும் அந்தப் பாலகனுக்கு எப்படித் தெரியும்? நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, "பாருங்க, இப்பதான் பளிச்சுனு இருக்கு" என்று தன் பிறந்தகத்துப் பிள்ளைக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்கியபோதும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இந்த விருத்தாந்தத்தை அல்ல. இந்தக் காரின் வேகத்தைப் பற்றி மகாஜனங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும் என்பதே என் சங்கல்பம். முன் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், பின் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார் என்று இரண்டு மோட்டார்களைக் கொண்ட இந்த வாகனம், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை நான்கு விநாடியில் அடைந்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். அறுபத்திரண்டு வயதில், பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு அப்படி நான்கு விநாடியில் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று நீங்கள் கேட்கலாம். உண்மை என்னவென்றால், சாதாரண ரகத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றும், இந்த அதிவேக ரகம் மட்டும் கிடங்கில் தயாராக நிற்கிறது என்றும் விற்பனைக்காரப் பையன் சொன்னான். மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நான்கு விநாடிக் காரை வாங்கினேன். வேகத்தின்பால் எனக்கு இருந்த மோகம் அவ்வளவுதான்.

காரைக் கையில் வாங்கிய வைபவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் வாங்கியிருப்பீர்கள். சிவப்புப் பட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். நானே கட்டிவைத்த பணத்துக்கு நானே பார்த்துவிட்டுப் போன காரை, முதன்முறை பார்ப்பதுபோல் ஆச்சரியம் காட்டித் துணியை விலக்க வேண்டும் என்றார்கள், காட்டினேன். நான்கு அடி நீளத்தில் அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். ஒன்பது பேர் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் வேறு கார் பார்க்க வந்த அந்நியர் என்பது பிற்பாடு தெரிந்தது. அன்று அவ்வளவு உற்சாகத்துடன் கைதட்டிய எட்டுச் சிப்பந்திகளில் ஒருவராவது, இரண்டு நாளில் வரும் என்று சொன்ன ரப்பர் மேட் இருபத்தாறு நாட்களாகியும் வரவில்லையே என்று நான் விசாரித்தபோது டெலிபோனை எடுக்கவில்லை. ஆகையால் தரையில் அவர்கள் விரித்துக்கொடுத்த காகித மேட்டின் மீதே காலை வைத்து ஓட்டி வருகிறேன். அதில் பதிந்திருக்கிற முதல் செருப்புத் தடம் அந்த விற்பனைக்காரப் பையனுடையது.

அந்தப் பையன்தான் சாவியைக் கொடுத்த கையோடு ஒரு கத்தியை எடுத்து, "சார், சீட் கவரைக் கிழிச்சிடவா?" என்று கேட்டான். "வேண்டாம்!" என்று நானும் என் மனைவியும் ஏககாலத்தில் அலறினோம். பையன் கொஞ்சம் மிரண்டுவிட்டான். "சைடுல ஏர்பேக் இருக்கு சார். கவர் இருந்தா சரியா திறக்காது" என்று பயமுறுத்திப் பார்த்தான். உயிரா, உறையா என்று தர்க்கம் எழுந்தது. ஏர்பேக் வெளிவருகிற பக்கத்தில் மட்டும் கத்தரித்துவிட்டு, பாக்கியை இருக்கிறபடி விட்டுவிடுவது என்று சமாதானத்துக்கு வந்தோம். ஆபத்து வந்தால் உயிர் பிழைக்கும். வராவிட்டால் ஆசனம் பிழைக்கும்.

அங்கிருந்து நேரே பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகார்டு முனீஸ்வரர் சந்நிதிக்குப் போனோம். சென்னையில் புது வண்டி வாங்குகிறவன் அவரைத் தரிசிக்காமல் வீடு திரும்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பூசாரி காரைச் சுற்றி வந்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, "பானெட்டைத் திறங்க சார், இஞ்சினுக்குக் காட்டணும்" என்றார். திறந்தேன். உள்ளே இஞ்சின் இல்லை. ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு பை. பைக்குள் சார்ஜ் போடும் கேபிள், அதுவும் உறை பிரிக்கப்படாமல். பூசாரி ஒரு கணம் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு அவருடைய நீண்டகால அனுபவம் கைகொடுக்க, கேபிள் பையின் மீது ஒரு செவ்வந்திப் பூவை வைத்து, கற்பூரத்தை மும்முறை சுற்றிக் காட்டினார். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். "பண்ணிவிட்டேன்" என்றேன். "இல்லையே, பண்ணுங்க" என்றார். எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் அவர் நம்பினார்.

வேகத்தைப் பற்றி ஆரம்பித்தேன் அல்லவா? மின்சார வாகனம் என்பது ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சென்னைப் பட்டணத்தில் 1895-லேயே மின்சாரத்தில் டிராம் ஓடிற்று. 1953-ல் அதை நிறுத்தினார்கள். ஜெனாட்ஸி என்ற பெல்ஜியம் தேசத்துச் செந்தாடிக்காரர் ஒருவர் 1899-ம் ஆண்டு பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு மின்சாரக் காரை ஓட்டி, தரையில் ஓடும் மோட்டார் வண்டிகளிலேயே முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டினார். பெட்ரோல் கார் அல்ல, மின்சாரக் கார். நீண்டு உருண்ட குண்டு போன்ற அவ்வண்டியின் மேல், இடுப்புக்கு மேற்பட்ட சரீரம் முழுவதும் வெளியே தெரிய, உலக்கை நட்டாற்போல் அவர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்திருக்கிறேன். அவ்வண்டிக்கு அவர் வைத்த பெயருக்குப் பிரெஞ்சு பாஷையில் 'ஒருபோதும் திருப்தியுறாதவள்' என்று அர்த்தமாம். அந்தப் படத்தில் என் கண்ணை முதலில் கவர்ந்தது என்ன தெரியுமா? மனுஷர் உட்கார்ந்திருந்த ஆசனத்தில் பாலிதீன் உறை இல்லை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அதற்கு முந்திய ஆண்டாகிய 1898-ல்தான் ஜெர்மனியில் பெக்மன் என்ற ரசாயன சாஸ்திரி, வேறெதையோ ஆராயப் போய், பாத்திரத்தில் வெள்ளை மெழுகுபோல் ஏதோ படிந்திருப்பதைக் கண்டார். அதுதான் பாலிதீன். அதன் மகிமை அவருக்கு விளங்கவில்லை. பிறகு 1933-ல் இங்கிலாந்தில் இரண்டு விஞ்ஞானிகள், அவர்களும் வேறெதையோ தேடப் போய், அதே மெழுகைத் தற்செயலாக மறுபடியும் கண்டார்கள். ஆக, ஓராண்டு இடைவெளியில் மேனாட்டார் மின்சாரக் காரின் வேகத்தையும் கண்டார்கள், அதை மூடி வைக்கும் உறையையும் கண்டார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்து உபயோகிக்கும் சூட்சுமம் அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கு நாம் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் குளிர்பெட்டியின் கைப்பிடியில் ஓர் உறை இருக்கிறது. அந்தப் பெட்டியில் இப்போது குளிர்ச்சி இல்லை, உறை இருக்கிறது. டி.வி. ரிமோட்டின் உறைக்குள் ஒரு சிற்றெறும்பு புகுந்து, ஐந்தாம் எண்ணுக்கும் எட்டாம் எண்ணுக்கும் நடுவே சமாதியடைந்து நான்கு வருஷம் ஆகிறது. அதை எடுக்க வேண்டுமானால் உறையைக் கிழிக்க வேண்டும், ஆகையால் எறும்பு இருக்கிறது. என் மகன் கல்யாணத்தில் வந்த சூட்கேஸுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் ஒரு துணி உறை. மகன் பெங்களூரில் இருக்கிறான். சூட்கேஸ் பரண்மேல் சௌக்கியமாக இருக்கிறது.

இவையெல்லாம் அசையாப் பொருள்கள். காரின் கதை வேறு. பெட்ரோல் காராக இருந்தால் இஞ்சின் இரைச்சலில் எதுவும் கேட்காது. மின்சாரக் காரிலோ மயான அமைதி. அந்த அமைதியில் நான் கியரைத் தொட ஒரு பக்கம் சாய்ந்தால் சரசர, என் மனைவி முந்தானையைச் சரிசெய்தால் சரசர, பின்னால் யாராவது பெருமூச்சு விட்டால்கூடச் சரசர என்று, சருகுக் குவியலில் சாரைப்பாம்பு ஓடுகிறாற்போல் பிரயாணம் முழுவதும் ஒரு சப்தம். அரைக்கோடி ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்து நிசப்தத்தை வாங்கி, அதில் நான் கேட்பது பாலிதீன்.

அத்துடன் போயிற்றா? ஆசனத்தின் நுண்ணிய துவாரங்கள் வழியே குளிர்ந்த காற்று முதுகுக்கு வரும் என்று சொல்லி, அதற்கென்று தனியே விலையும் வைத்திருந்தார்கள். மே மாதத்து வெயிலில் ஒரு நாள் அந்தப் பொத்தானை அமுக்கினேன். காற்று வந்தது, வந்த காற்று உறைக்குள் சிக்கிக்கொண்டு போகிற வழியறியாமல் திகைத்தது, எண்ணெயில் இட்ட பூரிபோல் ஆசனம் மெள்ள மெள்ள உப்பத் தொடங்கிற்று. என் மனைவி ஓரங்குலம் உயர்ந்தாள். கத்தரித்து விட்டிருந்த பக்கத்து வழியே அந்தக் காற்று 'ஸ்ஸ்' என்று வெளியேறிக் கதவுக்குக் குளிர்ச்சியூட்டியது. எங்கள் முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. "அணைச்சுடுங்க, பஞ்சரான மாதிரி சத்தம் கேக்குது" என்றாள். அணைத்துவிட்டேன்.

சார்ஜ் போடும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தைந்து யூனிட் கொள்ளும் பேட்டரிக்குச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறினால் எத்தனை மணியாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்பு அசோசியேஷன் இதுவரை இரண்டு கூட்டம் போட்டுவிட்டது. பச்சை நம்பர் பலகையைப் பார்த்துவிட்டுக் கால் டாக்ஸி என்று எண்ணி, "வேளச்சேரி வர்றீங்களா?" என்று கேட்டவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் கதவைத் திறந்து உட்கார்ந்தே விட்டார், உறையைப் பார்த்ததும், "புது வண்டியா? மன்னிச்சுக்கங்க" என்று மரியாதையாக இறங்கிக்கொண்டார். நாகரிகம் தெரிந்தவர்.

வேகம், வேகம். சென்னைக்குள் காருக்கு 60 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு, குடியிருப்புத் தெருக்களில் 30. எங்கள் தெருவில் இருக்கிற வேகத்தடைகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே அந்த முப்பதையும் நான் கண்டதில்லை. ஆகவே ஒரு நாள் விடியற்காலையில், வண்டலூருக்கு அப்பால் வெளிவட்டச் சாலையில், முன்னும் பின்னும் யாருமில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, திரையில் 'ஸ்போர்ட்' என்று இருந்ததை, பிளாஸ்டிக் தாள் வழியாகத்தான், அமுக்கிவிட்டு, முனீஸ்வரரை நினைத்துக்கொண்டு காலை அழுத்தினேன். யாரோ பின்னாலிருந்து லாரியால் மோதியதுபோல் இருந்தது. தலை ஆசனத்தில் அறைந்தது. நாற்பதைக் காட்டியதோ இல்லையோ, "ஐயோ, போதும்!" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல், காலை எடுத்துவிட்டேன். மின்சாரக் காரில் காலை எடுத்தால் மோட்டாரே பிரேக் ஆகிவிடும். பின் ஆசனத்துப் பாலிதீன் மீது வைத்திருந்த முறுக்கு டப்பா, பனிச்சறுக்கு வீராங்கனைபோல் வழுக்கிக்கொண்டு வந்து முன் ஆசனத்தின் முதுகில் மோதித் திறந்து, காகித மேட்டின் மீது முறுக்கைப் பரப்பியது. அந்த மேட்டில் இப்போது எண்ணெய்க் கறை இருக்கிறது.

நான்கு விநாடியில் ஒன்றரை விநாடி உபயோகித்திருக்கிறேன். பாக்கி இரண்டரை விநாடி புத்தம் புதிதாக அப்படியே இருக்கிறது. இவ்வேகத்தைப் பற்றிச் சொல்ல வந்த முக்கியமான விஷயத்தை, திரைத்தாளை மறுபடி ஒட்ட முடியுமா என்று பர்மா பஜார் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு வந்து எழுதுகிறேன். நாலு மடிப்பும் கோடாக விழுந்திருக்கிறது; முடியாது என்றே நினைக்கிறேன்.

அதுவரையில் எங்கள் வீட்டுக்கு வருகிற பந்து மித்திரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பின் ஆசனத்து உறை பத்திரமாக இருக்கிறது. தாராளமாக உட்காருங்கள், எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுகிறேன். வலது பக்கத்து ஓரத்தில் சற்றே தூக்கிக்கொண்டிருக்கும் அந்த நுனியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.