ரிசீவரும் ஊஞ்சலும்: ஓர் உரைமரபு ஆய்வு

1. ஆய்வெல்லை

டிவிக்குக் கீழே, செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில், பத்துக் கிலோ எடையில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் பெட்டியே ஏ.வி. ரிசீவர். படத்தை டிவிக்கு அனுப்புகிறது. ஒலியை ஐந்தாகவோ ஏழாகவோ பிரித்து, ஒவ்வொன்றையும் பெருக்கி, அதனதன் ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது. ஓய்ந்த வேளையில் எஃப்.எம். ரேடியோவும் பாடுகிறது. வாங்கிய வாரத்தில் உரிமையாளர் சொல்வது, ‘என்னா சவுண்டு!’ கடைசி வாரத்தில் சொல்வது, ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு.’ இவ்விரு கூற்றுகளுக்கும் இடைப்பட்ட காலமே இந்த ஆய்வின் எல்லை.

ஆய்வேட்டு மரபுப்படி முன்னுரை நாற்பது பக்கம் ஓட வேண்டும். அதில் பன்னிரண்டு பக்கம் நெறியாளரின் பெருந்தன்மைக்கு. இதழில் இடமில்லை. நெறியாளர் பெருந்தன்மையானவர் என்று குறித்துவிட்டு மேலே செல்லலாம்.

2. மூலமும் உரைகளும்

ரிசீவரின் மூலநூல் கையேடு. அது மூன்று காலங்களில் தோன்றியது. அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது முதற்கையேடு. சிடியில் வந்தது இடைக்கையேடு. அந்த சிடியைப் போட்டுப் பார்க்கும் கருவி இன்று வீட்டில் இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்வது கடைக்கையேடு, முந்நூறு பக்கம். முதற்கையேட்டைக் கரையான் கொண்டது என்பாரும், தெர்மாகோலோடு பரண் கொண்டது என்பாரும், பழைய பேப்பர்காரர் கொண்டார் என்பாரும் உளர். கடல் கொண்டது என்பதற்கு மட்டும் சான்றில்லை.

மூலம் கிடைக்காததால் உரைகள் பெருகின. நமக்குக் கிடைப்பவை நான்கு: கடைக்காரர் உரை, மாமனார் உரை, துபாய் மச்சான் விரித்துரை, எலெக்ட்ரீஷியன் குறிப்புரை. நால்வரில் ஒருவரும் மூலத்தைப் பார்த்தவரல்லர். ஒருவர் உரையைப் பார்த்து மற்றவர் எழுதியது. இந்த வழக்கம் ரிசீவர் துறைக்கு மட்டும் உரியதன்று. இதற்கு மேல் எழுதினால் சில பல்கலைக்கழகத் துறைகள் மனம் வருந்தும்.

3. வாட் அதிகாரம்

தமிழ்நாட்டில் வாட் ஆராய்ச்சி பி.எம்.பி.ஓ. காலத்தில் தொடங்குகிறது. உள்ளங்கையில் தூக்கக்கூடிய டேப்ரிக்கார்டரின் நெற்றியில் ஆயிரக்கணக்கான வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பொற்காலம் அது. அந்த எண்ணுக்கு எந்தத் தர அளவும் கிடையாது. ஒட்டியவரின் மனமே அளவு.

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974இல் இதற்கு ஒரு விதி செய்தது. எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் முதல் எதுவரை, எவ்வளவு சிதைவோடு, தொடர்ந்து எத்தனை வாட் என்று சொல்லியாக வேண்டும். விதி வந்ததும் வாட் அடங்கவில்லை, நிபந்தனைகளுக்குள் ஒளிந்துகொண்டது. 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலை மட்டும் இயக்கினால் 80 வாட் தரும் ரிசீவர், 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸில், ஒரே ஒரு சேனலை இயக்கினால் 140ஐத் தாண்டும். பெட்டியின் முகப்பில் எந்த எண் அச்சாகும் என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஏழு ஸ்பீக்கரும் ஒருசேர முழங்கும்போது எவ்வளவு என்ற வினாவுக்குக் கடைக்காரர் உரை, ‘அவ்ளோ சவுண்டு வீட்ல எதுக்கு சார்?’ என்று பொருள் கூறுகிறது. வியப்பு என்னவென்றால், நான்கு உரைகளிலும் இயற்பியலுக்கு மிக அருகில் நிற்பது இதுதான். 88 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் வருகிறது. மாமியார் அறைக்கதவைச் சாத்திக்கொள்ள அது போதும்.

4. ஒலி அதிகாரம்

ரிசீவர்களுக்குத் திணை வகுத்தவர் மச்சான். யமஹா ‘பளிச்’, டெனான் ‘இதம்’, ஒன்கியோ ‘அதிரடி’. ஒவ்வொன்றுக்கும் முதல், கரு, உரி உண்டு. யமஹாவின் சிறுபொழுது ஞாயிறு காலை, டெனானின் உரிப்பொருள் இரவுப் படமும் இரவுப் படம் நிமித்தமும். இந்த வகைப்பாடு மிகப் பழையது. எந்த மாடலைக் கேட்டு வகுக்கப்பட்டது என்பது யாருக்கும் நினைவில்லை.

இதற்கு மாறான சான்று ஒன்று உண்டு. அமெரிக்க இதழான ஸ்டீரியோ ரிவ்யூ 1987 ஜனவரியில் ஒரு சோதனையை வெளியிட்டது. ஏறத்தாழ 220 டாலர் விலையுள்ள ஒரு பயோனியர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபையர் வரை வரிசையாக வைத்து, எது பாடுகிறது என்று தெரியாதபடி கேட்க வைத்தார்கள். வேறுபாடு உண்டு என்று சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்றவர்களும் இருந்தார்கள். இரு சாராராலும் குருட்டு ஊகத்தைவிட மேலாகப் பிரித்தறிய முடியவில்லை. 1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் ஸ்பீக்கர்களை வைத்துச் சோதித்தபோது, கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டவர்களின் மதிப்பெண், மறைத்துவைத்துக் கேட்டபோது மாறிப்போனது. மச்சான் விரித்துரை இவ்விரண்டையும் ‘அவங்களுக்குக் காது பழகல’ என்ற ஒரே சூத்திரத்தால் மறுத்து, அடுத்த இயலுக்குப் போய்விடுகிறது.

வசனம் கேட்கவில்லை என்ற வழக்குக்கு உரை வேண்டியதில்லை. வசனம் வருவது நடு ஸ்பீக்கரில். அதை டிவி ஸ்டாண்டுக்குள் தள்ளி, முன்னால் குடும்பப் படத்தைச் சாத்தியிருக்கிறார்கள்.

வால்யூம் எண் ஏன் மைனஸில் ஓடுகிறது என்பது மாமனாரைத் தூங்கவிடாத வினா. கலவைக்கூடத்தில் ஒலிப்பதிவாளர் வைத்துக் கேட்கும் அளவே சுழியம். அந்த அளவில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபெல்லைத் தொடும். ஆகவே மைனஸ் 25 என்பது, திரையரங்கைவிட 25 டெசிபெல் நாகரிகமாக வாழ்வது. ‘இவ்ளோ பணம் கொடுத்து மைனஸா?’ என்கிறது மாமனார் உரை. வங்கிக் கணக்கைப் பற்றிய பகுதியில் இதே தொடர் மறுபடி வருவதால், இது இடைச்செருகலாக இருக்கலாம்.

5. ஊஞ்சல் சிக்கல்

இனி, அறிஞர்கள் இதுவரை கண்டுகொள்ளாத சிக்கலுக்கு வருவோம்.

ரிசீவரோடு ஒரு சிறு மைக் வரும். டெனான் பெட்டியில் அதை நிறுத்திவைக்க அட்டையால் ஆன ஸ்டாண்டும் வரும். மைக்கைக் கேட்பவரின் காது உயரத்தில் வைத்து, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்து, எல்லாரும் வாய் மூடியிருக்க வேண்டும். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ‘ஊய்ப்’ என்று ஓர் ஒலி எழுப்பி, அது மைக்கை வந்தடையும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும். பிறகு மைக்கை இடம் மாற்றி, அதிகபட்சம் எட்டு இடங்களில் இதையே செய்யும். தொலைவும் ஒலி அளவும் முதல் இடத்தை வைத்தே தீர்மானமாகின்றன. சில மாடல்கள் சென்டிமீட்டர் வரை நுணுகிச் சொல்லும்.

முதல் இடம் வீட்டின் தலைமைக் கேட்பவர் உட்காரும் இடம். கூடத்தில் ஊஞ்சல் உள்ள வீட்டில் அது பாட்டியின் ஊஞ்சல். அது ஆடும்.

ஊஞ்சல் முன்னும் பின்னும் அரை மீட்டர் ஆடுவதாகக் கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் பாட்டியின் காது ஏறத்தாழ 3 மில்லிநொடி இடம் மாறிவிடுகிறது. சென்டிமீட்டர் கணக்குப் பார்த்த பெட்டிக்கு இது தாங்காது. இங்கே மூன்று பள்ளிகள் பிரிகின்றன.

முதலாவது, நிறுத்துப் பள்ளி: படம் ஓடும்போது ஊஞ்சலை நிறுத்தலாம் (காண்க: எலெக்ட்ரீஷியன் குறிப்புரை, பில்லின் பின்பக்கம்). பாட்டியின் மறுப்பு: ‘ஆடாத ஊஞ்சலுக்குப் பலகைன்னு பேரு. அதுக்கு எதுக்கு உத்தரத்துல கொக்கி?’

இரண்டாவது, நடுநிலைப் பள்ளி: ஊஞ்சல் ஓய்ந்து நிற்கும் இடத்தில் மைக்கை வைத்துவிட்டால், முன்னே போன பிழையைப் பின்னே வரும் பிழை சரிக்கட்டும் (காண்க: மாமனார் உரை, ‘சும்மா தொட்டுக்கிட்டே இருக்காதே’ அதிகாரம்). கேட்பதற்கு நியாயம். ஆனால் ஆடும் பொருள் நடுவில்தான் மிக வேகமாகப் போகும். இரு கோடிகளிலும் தயங்கித் திரும்பும். ஆகவே பாட்டி மிகக் குறைந்த நேரம் இருக்கும் இடம் எதுவோ, அந்த இடத்துக்குத்தான் மாமனார் ஒலியைச் சீர்செய்கிறார்.

மூன்றாவது, இருகோடிப் பள்ளி. இதன் மூலவர் மச்சான் (காண்க: விரித்துரை, வாட்ஸப் குரல்பதிவு, மூன்றாம் துண்டு, பஸ் ஹாரன் கேட்கும் இடத்துக்குச் சற்றுப் பின்). எட்டு இடங்களில் நான்கை முன்கோடிக்கும் நான்கைப் பின்கோடிக்கும் கொடுக்கச் சொல்கிறது இப்பள்ளி. இதைக் கண்டித்து மேல்வீட்டார் ஒரு மறுப்பு நூல் இயற்றினார் (லிஃப்ட் கதவு, இடப்பக்கம், செலோ டேப் ஒட்டிய பகுதி சிதைந்துள்ளது). ‘சத்தத்தைக் குறைக்கவும்’ என்பது பெரும்பான்மைப் பாடம்; ‘சத்தியமாகக் குறைக்கவும்’ என்றொரு பாடமும் இரண்டாம் மாடிப் படியில் கிடைக்கிறது. மச்சான் எழுதிய மறுப்புக்கு மறுப்பும், அதைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நடுவராக நின்று தொகுத்த ‘மினிட்ஸ்’ நோட்டும் (பக்கம் கிழிந்தது, கிழித்தவர் பற்றி இரு கொள்கைகள்) இன்னும் பதிப்பு வரவில்லை.

சுருதி பற்றிய கிளைச்சிக்கலும் உண்டு. இரண்டு மீட்டர் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2.8 நொடி ஆகும். நடுவில் அதன் வேகம் நொடிக்கு 1.1 மீட்டர். ஒலியை நோக்கிப் போகும்போது சுருதி 0.3 விழுக்காடு ஏறும், விலகும்போது அவ்வளவே இறங்கும். அதாவது ஒரு சுரத்தானத்தின் பதினெட்டில் ஒரு பங்கு. சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து பழகிய பாட்டிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவரோ பாடகரைத்தான் குறை சொல்கிறார்.

அளவெடுக்கும்போது சங்கிலி ‘கிரீச்’ என்றால், சுற்றுப்புற இரைச்சல் அதிகம் என்று திரையில் எச்சரிக்கை வந்து வேலை நின்றுபோகும். தீர்வு தேங்காய் எண்ணெய்.

6. உழைப்பு அதிகாரம்

பல்லி: சர்க்யூட்டில் குறுக்கே கிடந்தால் இரண்டும் போகும்.

ரிமோட்: பாலித்தீன் உறை பிரிக்கப்படாதவரை என்றும் புதிது.

வெப்பம்: ரிசீவரின் பெருக்கிப் பகுதி உறிஞ்சும் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாகக் கழிக்கிறது. உள்ளே இருக்கும் மின்பகு கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அதனால் மேலே 30 சென்டிமீட்டர் இடம் விடச் சொல்லும் கையேடுகள் உண்டு. நம் வீடுகளில் அந்த இடத்தில் குரோஷா விரிப்பு, அதன்மேல் செட்டாப் பாக்ஸ், அதன்மேல் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. சண்டைக்காட்சியில் பொம்மை தலையாட்டினால் சப்வூஃபர் வேலை செய்கிறது என்று பொருள். சித்திரையில் பெட்டி தானே அணைந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டினால், அது தன்னைக் காத்துக்கொள்கிறது. ‘மோட்டார் சூடாயிடுச்சு’ என்பது எலெக்ட்ரீஷியன் குறிப்புரை. மோட்டார் இருக்கும் இடம் அதில் சுட்டப்படவில்லை.

ஒலி மறைவு: ஒன்கியோ 2009 முதல் 2012 வரை செய்த பல மாடல்களில் உள்பலகை ஒன்று பழுதாகி, படம் வரும், ஒலி வராது என்ற நிலை வந்தது. நிறுவனமே ஏற்றுக்கொண்டு, 2018 இறுதி வரை இலவசமாகச் சரிசெய்யும் திட்டம் வைத்தது. பொறுமையற்றவர்கள் மூடியைக் கழற்றி, சிப்புக்கு ஹீட் கன்னால் சூடு காட்டி உயிர் கொடுத்தார்கள். சில மாதம் பாடியது. 1946இல் தொடங்கிய ஒன்கியோவின் வீட்டுப் பொழுதுபோக்குக் கிளை 2022 மே மாதம் ஒசாகாவில் திவாலானது. பெயர் மட்டும் வேறு கைக்குப் போய் இன்றும் பெட்டிகளின் மேல் இருக்கிறது.

கைகுலுக்கல் பிழை: 2020இல் எச்டிஎம்ஐ 2.1 வசதியோடு வந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்களில் ஒரு சிப், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அனுப்பிய 4கே 120 ஹெர்ட்ஸ் படத்தைக் கண்டதும் திரையைக் கறுப்பாக்கியது. யமஹா பலகையையே மாற்றிக் கொடுத்தது. டெனானும் மராண்ட்ஸும் இடையில் செருகிக்கொள்ள இலவசமாக இன்னொரு பெட்டி கொடுத்தன. பிழையுள்ள நூலுக்குத் திருத்தப் பட்டியல் வெளியிடும் இந்த முறை பதிப்புலகம் நன்கறிந்தது.

நோயில்லா மரணம்: ரிசீவர்களில் பல பழுதாகிச் சாவதில்லை. திரையரங்குக்கு டால்பி டிஜிட்டல் 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு வந்தது. டிடிஎஸ் அடுத்த ஆண்டு ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு. அட்மாஸ் 2012இல் ‘பிரேவ்’ படத்தோடு. ஒவ்வொன்றும் வீடு வந்து சேர்ந்தபோது, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டி பழசாயிற்று. 4கே படங்களுக்குப் புதிய காப்புப்பூட்டு வந்ததும், 2014க்கு முன் வாங்கிய ரிசீவர்களில் பெரும்பாலானவை வழியாக அவை போகவில்லை. அந்த ரிசீவர்கள் இன்றும் சூடாகின்றன, இன்றும் பாடுகின்றன; எஃப்.எம். மட்டும். இவற்றை உழைப்பவை என்று எண்ணுவதா, உழைத்து முடித்தவை என்று எண்ணுவதா என்பதில் அகத்தேர்வாளருக்கும் புறத்தேர்வாளருக்கும் ஒத்துப்போகவில்லை.

7. வாய்மொழித் தேர்வு

ஊஞ்சல் சிக்கலைக் கரும்பலகையில் விளக்கி முடித்ததும் புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘நீங்க சொன்ன மாடல் இப்போ என்ன விலை வருது? பழசை எடுத்துக்கிட்டு எக்ஸ்சேஞ்ச்ல தருவாங்களா?’ ஆய்வாளர் விலையைச் சொன்னார். பட்டம் பரிந்துரைக்கப்பட்டது.