தரகு எம்புட்டு?

வாங்கய்யா, லண்டன்காரரே! கட்டில்ல ஓரமா உக்காரும், கால் ஒண்ணு ஆடும். இன்னும் விசாவே வரல, அதுக்குள்ள நாகலாபுரம் பஜார் முழுக்க உன் பேச்சுத்தான். டீக்கடையில ரெண்டு பேரு எங்கிட்டக் கைமாத்து கேட்டுட்டானுக. பேரன் சீமைக்குப் போறான்னா தாத்தன் மடியில கனம் இல்லாமலா இருக்கும்னு அவனுகளுக்கு ஒரு கணக்கு.

நீ படிக்கப் போறதத் தப்புங்கல. படிப்புக்குத் துட்டுத் தேடுறது நம்ம சீமைக்கு ஒண்ணும் புதுசில்ல. இந்தா கிடக்கு எட்டயபுரம். அங்க சுப்பையான்னு ஒரு பையன், பதினாலு வயசு, படிக்க உதவி வேணும்னு 1897-ல சமஸ்தானத்துக்குப் பாட்டாவே விண்ணப்பம் எழுதிப் போட்டான். பாரதியத்தான் சொல்றேன். மறு வருசம் அப்பனும் போயிட்டாரு. கடைசில காசியில இருந்த அத்தைதான் கூப்பிட்டு வச்சுப் படிக்க வச்சா. உனக்கு லண்டன்ல அத்தை இருக்காளா? இல்லேல்ல? இங்க ராசாவும் இல்ல.

ராமானுஜன் 1914-ல கேம்பிரிட்ஜ் போனாரு. மெட்ராஸ் யுனிவர்சிட்டி வருசத்துக்கு 250 பவுண்டு குடுத்துச்சு. அதுல 50 பவுண்டு வீட்டுக்குன்னு ஒதுக்கியாச்சு. கணக்குல புலி, குடும்பக் கணக்குலயும் புலி. அதுக்கு முந்துன வருசம் அம்பேத்கரு அமெரிக்கா போனாரு. பரோடா ராசா மாசம் பதினொன்றரை பவுண்டு, மூணு வருசத்துக்கு. அவுகளையெல்லாம் அனுப்புனவன் துட்டக் குடுத்து அனுப்புனான். உன்னை அனுப்புறவன் துட்ட வாங்கிட்டு அனுப்புறான். இந்த ஒண்ணுதான்யா இடிக்குது.

அந்த மதுரை ஏஜெண்டு ஆபீசைப் பத்திச் சொன்னியே, சர்வீஸ் சார்ஜே இல்ல, எல்லாம் ஃப்ரீன்னு. ஏசி ஓடுது, காப்பி குடுக்கான், டை கட்டுன புள்ளைக நாலு உக்காந்துருக்கு. வாடகைய யாரு குடுக்கா, அவன் மாமனாரா? நான் வத்தல் மண்டியிலயே தலை நரைச்சவன், எங்கிட்டயா? சம்சாரி மூட்டையக் கொண்டாந்து இறக்குவான். சாக்கு வாயில செக்கச்செவேர்னு வத்தல் மினுமினுக்கும். யாவாரி அதைப் பாக்க மாட்டான். முழங்கை வரைக்கும் உள்ள விட்டு அடியில இருந்து ஒரு பிடி அள்ளுவான். சோடை, சண்டு, எடைக்குத் தெளிச்ச தண்ணி, அம்புட்டும் அங்கதான் கிடக்கும். எவனாவது தரகன்ட்டப் போயி “சரக்கு நல்லாருக்கா?”ன்னு கேட்டுப் பாத்துருக்கியா? நீ கேட்டுட்டு வந்துருக்க.

உன்னைச் சேத்துவிட்டா, நீ கட்டுற மொத வருச ஃபீஸ்ல ஒரு பங்கை அந்தக் காலேஜு ஏஜெண்டுக்குக் குடுக்கும். உலகம் பூரா நடக்கிற யாவாரந்தான், களவு இல்ல. நானும் தரகு தின்னவன்தான். ஆனா ஜெர்மனியப் பத்திக் கேட்டப்ப அவன் மூஞ்சி ஏன் சுருங்குச்சுன்னு யோசிச்சியா? பாஷை கஷ்டம், குளிரு தாங்காதுன்னானாம். லண்டன்ல என்ன, விளாத்திகுளத்து வெயிலா அடிக்குது? ஜெர்மனியில சர்க்கார் யுனிவர்சிட்டி முக்காவாசியில ஃபீஸே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க்குன்னு ஒரு மாநிலத்துல நம்மள மாதிரி வெளியாளுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஃபீஸே வாங்காத காலேஜு எதுல இருந்து தரகு குடுக்கும்?

அதுக்காக ஜெர்மனி சும்மா கிடைச்சிராது. உன் படிப்புப் பேப்பரெல்லாம் அசல்தான்னு ஏபிஎஸ்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணும். பிளாக்டு அக்கவுண்டுல வருசத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டணும். நம்ம துட்டுக்கு 12 லட்சத்துக்குப் பக்கம் வரும். ஆனா அது ஃபீஸ் இல்ல, உன் சோத்துக்காசு. மாசம் 992 யூரோவா உன் கைக்கே திரும்பி வரும். லண்டனுக்கு ஃபீஸ் மட்டுமே 18 லட்சம்ன. அது போனா போனதுதான்.

உன் சேக்காளி ஒருத்தன், அப்பன் ஆத்தா காட்டு வேலைக்குப் போறாகன்னியே, அவன் ஆதிதிராவிடர் சர்டிபிகேட் வச்சுருக்கான்ல? அவனைக் கூட்டிட்டு வா. டெல்லி சர்க்காரு நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்னு வருசத்துக்கு 125 பேரை அனுப்புது. குடும்ப வருமானம் 8 லட்சத்தத் தாண்டக் கூடாது. நிலமில்லாத விவசாயக் கூலி பிள்ளைகளுக்கும் அதுல இடமுண்டு. நம்ம சர்க்காரும் அண்ணல் அம்பேத்கர் பேருல 36 லட்சம் வரைக்கும் குடுக்கு. உனக்கு அது ஆகாதுன்னா எராஸ்மஸ் முண்டஸ்னு ஐரோப்பாக்காரன் ஸ்காலர்ஷிப் இருக்கு; கிடைச்சா மாசம் 1,400 யூரோ, ஃபீசும் கிடையாது. இதுல ஒண்ணாவது அந்த ஆபீஸ் சுவத்துல ஒட்டிருக்கா? ஒட்ட மாட்டான்.

சரி, பேங்குக்கு வா. ஏழரை லட்சத்துக்கு மேல போச்சுன்னா சொத்து ஜாமீன் கேப்பான். கரிசக்காடு ஆறு ஏக்கர் கிடக்குல்லான்னு நெஞ்ச நிமித்துவ. கடன் நின்னுபோனா கோர்ட்டுக்குப் போகாம சொத்த எடுக்க பேங்குக்கு 2002-ல சட்டம் வந்துச்சே, அது விவசாய நிலத்துல செல்லாது. அதனால காட்டுப் பத்திரத்தப் பாத்தாலே பல மேனேசருக்குக் கொட்டாவி வரும். கோவில்பட்டி மாதிரி டவுன் வீட்டுப் பத்திரத்தத்தான் கேப்பாக. அது இல்லேன்னா, ஜாமீனே வேண்டாம்னு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனிய உன் ஏஜெண்டே காட்டுவான். வட்டி ரெண்டு மூணு சதவீதம் சேத்துத்தான் இருக்கும். நீ படிக்கிற காலத்துலயும் வட்டி தூங்காது. 20 லட்சத்துக்குப் பத்து சதவீதம்னு வச்சாலும் வருசம் 2 லட்சம். நம்ம உளுந்துல, பாசியில, மழை தப்பாத வருசத்துலகூட அம்புட்டு மிஞ்சுனதில்ல.

அப்புறம் அந்த 28 நாள் வித்தை. பிரிட்டிஷ் விசாவுக்குக் கணக்குல 28 நாள் துட்டு அசையாமக் கிடக்கணும். அதுக்கு வட்டிக்குத் துட்டு ஏத்திவிட ஆளு இருக்குன்னு கண்ணடிச்சானாம்ல? கள்ளப் பேப்பர்னு பிடிச்சா பத்து வருசம் அந்தப் பக்கம் தலை வைக்க முடியாது, ஐயா. இன்னொண்ணு சொன்னானா? படிச்சு முடிச்சு வேலை தேட ரெண்டு வருசம் குடுத்தாகல்ல, 2027 சனவரியில இருந்து விண்ணப்பம் போடுறவுகளுக்கு அது ஒன்றரை வருசம். நீ சேந்து முடிக்கையில கதை அதான். சொல்லலியா? சொல்ல மாட்டான்.

மூஞ்சியத் தொங்கப் போடாத. போகாதன்னு நான் சொல்லல. நாளைக்கு மதுரைக்கு ஒரு பஸ்ஸப் பிடி. அந்த டை கட்டுன புள்ளைகட்ட இல்ல, மொதலாளிகிட்ட நேரா கேளு: இந்தக் காலேஜுல என்னைச் சேத்தா உமக்குத் தரகு எம்புட்டுன்னு. எழுதிக் குடுத்தான்னா வாங்கிட்டு வா, உக்காந்து பேசுவோம். சிரிச்சு மழுப்புனான்னா, காப்பிய மட்டும் குடிச்சிட்டு வந்துரு.