பேதி மருந்து கொடுத்த மேதை

கேள்வி: கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? கையெழுத்தா, புகைப்படமா?

பதில்: அதிர்ஷ்டம் இருந்தால் பேதி மருந்து!

கேலி இல்லை, நிஜம். 'சுவிஸ் கிரிஸ்' என்ற மூலிகைத் தூளின் மேல் அவருக்கு அப்படியொரு பக்தி. ரசிகரோ, சக வாத்தியக்காரரோ, வந்தவர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிடுவார். தாம் கழிப்பறையில் உட்கார்ந்திருப்பதைச் சாவித்துவாரம் வழியே எட்டிப் பார்ப்பதுபோல் படமெடுத்து, அட்டையாக அச்சடித்து நண்பர்களுக்கு அனுப்பியவர் அவர். நம் வித்வான்கள் யாராவது துணிவார்களா?

அந்தத் தூளின் முக்கியச் சரக்கு நிலவாகை. உலகச் சந்தையில் நம்மூர் நிலவாகை இலைக்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர்; டின்னவெல்லி என்பது நம் திருநெல்வேலிதான். திருநெல்வேலி என்றால் அல்வா மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கவனிக்க.

மற்றபடி, மேடைக்குப் பின்னால் ஆம்ஸ்ட்ராங் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, உதட்டுக்குக் களிம்பு தடவியபடி இருப்பார். உச்சஸ்தாயியில் ட்ரம்பெட் ஊதி ஊதிப் புண்ணான உதடு, பாவம். ஊர் ஊராகப் போகும்போது தட்டச்சுப் பொறியும் டேப் ரெக்கார்டரும் கூடவே போகும். கடிதம் அடிப்பார், அரட்டையைப் பதிவு செய்வார். 1971இல் அவர் மறைந்தபோது மிஞ்சியவை நூற்றுக்கணக்கான டேப்புகள். பெட்டிகளின் மேல் அவரே கத்தரித்து ஒட்டிய படங்கள். நியூயார்க்கின் குவீன்ஸில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். டேப்புகளில் சங்கீதம் மட்டுமா, அவர் சொன்ன அசைவ ஜோக்குகளும் பத்திரமாக இருக்கின்றன.