குளிசைக்குள் வெயில்

யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் குடை பிடித்துப் போய், அந்த வெயிலையே பார்மசியில் குளிசையாக வாங்கி வருகிறோம்; மனச்சோர்வுக்கு விற்றமின் டி நல்லதாம். அமெரிக்காவில் 50 வயது கடந்த 18,353 பேரில் ஒரு பாதிக்கு அதையும் மறுபாதிக்குப் போலிக் குளிசையையும் ஐந்தாண்டளவு கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவு: மனச்சோர்வு வருவதில் வித்தியாசமில்லை. ‘அப்ப பி12?’ என்பார் சைவக்காரர். நியாயந்தான், அது குறைந்தால் மனமும் சோரலாம், இரத்தத்தைச் சோதித்துக் குறையிருந்தால் போடத்தான் வேணும். ஆனால் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவரும் கூட்டு மனவடு, போரும் இடப்பெயர்வும் காணாமற்போனோரும் தந்தது. ஏ முதல் கே வரை தேடினாலும் அந்தக் குறைக்கு எழுத்தில்லை. பார்மசிக்காரரிடமோ அதற்கும் ஒரு மல்ரி விற்றமின் இருக்கிறது.