காவலில் வல்லவர்கள்

சாமராஜபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், லட்சுமிபுரம் என்று மைசூரின் பழைய பகுதிகளில் தலைமுறையாகக் குடியிருக்கும் பெரியோர்களே! வீடு புகுந்து திருடுகிறார்கள் என்றதும் நீங்கள் காட்டும் சுறுசுறுப்பைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உங்கள் கிரில். தெருவைப் பார்த்துத் திறந்திருந்த வராந்தாவைத் தரையிலிருந்து கூரை வரை கம்பியால் அடைத்துவிட்டீர்கள். கேட்டுக்கு இரண்டு பூட்டு, கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். உள்ளே வரத் திருடன் சிரமப்படுவான். ஒரு கிண்ணம் ரசத்தோடு வரும் பக்கத்து வீட்டு மாமி அவனைவிடச் சிரமப்படுவாள்.

அடுத்தது கேமரா. உங்கள் கார், உங்கள் கேட், உங்கள் செருப்பு ஸ்டாண்டு எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. எதிர்வீட்டுப் பூட்டை உடைப்பவன் மட்டும் அதில் விழுவதில்லை. பிறத்தியார் விஷயத்தில் தலையிடாத பண்பை இயந்திரத்துக்கும் பழக்கிய பெருமை உங்களுக்கே உரியது.

உங்கள் துப்பறியும் திறமை அதற்கும் மேல். போலீஸ் வருவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் குற்றவாளி யாரென்று தீர்மானமாகிவிடுகிறது. பழைய பேப்பர்காரர், பூக்காரம்மா, வடக்கிலிருந்து வந்த பெயிண்டர் பையன் என்று ஏழையாக யார் தெருவில் நடந்தாலும் போதும், சாட்சி தேவையில்லை. "ராத்திரி சத்தம் ஏதாவது கேட்டதா?" என்று போலீஸ்காரர் வாசலில் வந்து கேட்கும்போதுதான் உங்கள் அடக்கம் வெளிப்படுகிறது. கேட்டவர்கள் உண்டு; 112-ஐ அழைத்தவரும் இல்லை, வாக்குமூலம் கொடுக்க வந்தவரும் இல்லை.

ஊருக்குப் போகும்போது உங்கள் தாராளம் தெரியும். திருப்பதி படத்தை உலகத்துக்கே காட்டுவீர்கள். "பத்து நாள் இருக்க மாட்டோம், கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைத்தான் கௌரவக் குறைவாக நினைக்கிறீர்கள். கேட்டில் சேரும் செய்தித்தாள்கள் அந்தச் செய்தியை வேண்டியவனுக்குச் சொல்லிவிடுகின்றன.

எல்லாவற்றுக்கும் மகுடம், வீட்டுக்குப் பின்னால் ஓடும் கன்சர்வன்சி சந்து. 1890-களின் கடைசியில் பிளேக் இந்த ஊரை வாட்டியது. 1903-இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைத்து, அகலத் தெருவும் காற்றோட்டமுமாக ஊரை விரித்தார்கள். மலம் அள்ளுவோர் வந்து போக, வீடுகளின் முதுகுப்புறம் சந்து விட்டார்கள். அவர்கள் முன்வாசலில் கண்ணில் படக் கூடாது என்று நினைத்த காலம் அது. பாதாளச் சாக்கடை வந்ததும் சந்துக்கு வேலை போயிற்று. நீங்கள் அதைச் சும்மா இருக்க விடவில்லை. உடைந்த கமோடு, தேங்காய் மட்டை, சுவர் இடித்த செங்கல் எல்லாம் அங்கேதான். பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, விளக்கு எரிவதில்லை. கடப்பாரையோடு வருபவன் கேமரா வைத்த முன்வாசலுக்கு ஏன் வரப்போகிறான்? அவனுக்கு வேண்டிய இருட்டு, மறைவு, மதிலேறக் கால் வைக்கச் செங்கல் எல்லாம் கொல்லைப்புறத்தில் தயாராக வைத்திருக்கிறீர்கள். இப்படி விருந்தோம்ப யாருக்கு மனம் வரும்?

தனித்தனியே இவ்வளவு சாதித்தவர்களுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து அந்தப் புதரை வெட்டுவதும், எரியாத விளக்குக்காக மாநகராட்சியில் மனுக் கொடுப்பதும், தினமும் வரும் பூக்காரம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் பெரிய காரியமே அல்ல. அடுத்த வீட்டுப் பூட்டு உடைந்த பிறகும் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் இருக்கிறீர்களே, அந்த மன உறுதி வேறு யாருக்கும் வராது.