கட்டைவிரலும் ஒரு பத்தியும்

படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடுகிறவர்களை மும்பையில் பேட்டை வாரியாகப் பிரித்துவிடலாம். மாட்டுங்கா மாமா, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அடிக்கோடிட்ட பிறகுதான் படமெடுப்பார். ஓரத்தில் டபரா தெரியும். அது தற்செயல் அல்ல. தாராவித் தம்பிகளுக்குப் படம் பிடிக்காது. முழுப் பத்தியையும் போனில் தட்டி, ஒற்றெழுத்து உட்பட ஒரு பிழையில்லாமல் அனுப்புவார்கள். செம்பூர்க்காரர்களான நாங்கள் ஹார்பர் லைன் ரகம். ஒரு கை மேலே கைப்பிடியில், ஒரு கை போனில், புத்தகம் முகவாய்க்கும் மார்புக்கும் நடுவில். அந்தப் படத்தில் பாதிப் பக்கம் இலக்கியம், பாதிப் பக்கம் கட்டைவிரல்.

அதற்கும் வழியில்லாத நெரிசலில் வாய்ஸ் மெசேஜ். நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யை நண்பர் ஒருவர் எங்களுக்கு இப்படித்தான் தவணை முறையில் வாசித்துக் காட்டினார். வேலை தேடி பம்பாய்க்கு வருகிற இளைஞனின் கதை. எழுதியவரும் இங்கே பல வருஷம் வேலை பார்த்தவர்தான். உருக்கமான இடம் வந்து நண்பரின் குரல் தழுதழுக்கிற நேரம் பார்த்து, அடுத்து குர்லா என்று ரயில் மராத்தியில் சொல்லும், இந்தியில் சொல்லும், இங்கிலீஷிலும் சொல்லும். நாவலில் குர்லா எத்தனையாவது அத்தியாயத்தில் வருகிறது என்று குழுவில் ஒருவர் சந்தேகம் கேட்டார். அவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

“துணுக்கு படிச்சே காலத்தை ஓட்டறேளே, முழுப் புஸ்தகம் எப்போ?” என்பார் மாட்டுங்கா மாமா. இதற்கென்றே நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். முத்தொள்ளாயிரம் முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் புண்ணியவான் ஒருவர், பிடித்த பாட்டுகளைப் பல நூல்களிலிருந்து பொறுக்கிப் ‘புறத்திரட்டு’ என்று சேர்த்து வைத்தாரே, அதிலிருந்துதான் 108 வெண்பாக்கள் தேறின. வளையாபதியில் மிஞ்சியதும் பெரும்பாலும் அவர் தயவுதான். 1938-ல் வையாபுரிப் பிள்ளை அந்தத் திரட்டைப் பதிப்பித்தார். “தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்” என்று அன்றைக்கே ஓர் அட்மின் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மாமா அசரவில்லை. “அந்த மகானுபாவன் யாருன்னே தெரியாது. உங்க பேரு ஒவ்வொரு படத்துக்கு மேலயும் வர்றதே!”

எந்தத் துணுக்குக்கும் முதலில் வரும் பதில் “அருமை”. படம் திறப்பதற்குள் வந்துவிடும். அடுத்தது, “பிடிஎஃப் இருக்கா அண்ணாச்சி?” கேட்பவரையும் குறை சொல்ல முடியாது. சுலோகப் புத்தகம் என்றால் மாட்டுங்காவில் கிரி டிரேடிங் இருக்கிறது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் குவிந்து கிடப்பது பெரும்பாலும் இங்கிலீஷ். தமிழ் நாவல் வேண்டுமானால் சென்னையிலிருந்து வருகிற மச்சான் பெட்டியைத்தான் நம்பவேண்டும், அதிலும் முறுக்கு, வடகமெல்லாம் போக மிச்சமுள்ள இடத்தில்தான் இலக்கியம். ஆகவே வந்த ஒரு பிரதியே ஊரெல்லாம் இரவலில் சுற்றும். துணுக்குப் போட்டவன் பாடு அதோடு ஆபத்துதான். பத்து நிமிஷத்தில் தனிச்செய்தியில் நாலு பேர் வந்து நிற்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு மாமி, தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளிலிருந்து ஒரு பக்கம் போட்டிருந்தார். நல்ல பக்கம். நான் “அருமை” என்று தட்டப் போகும்போது ஓரத்தில் என்னவோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ‘தனியா கால் கிலோ, அப்பளம், கொசுவத்தி.’ என் மனைவியின் கையெழுத்து. எவருக்கோ கொடுத்து, அவர் எவருக்கோ கொடுத்து, தாராவி வழியாகவோ வடாலா வழியாகவோ என் புத்தகம் மாமி வீட்டில் கரையேறியிருக்கிறது.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “மாமி, அந்த மோகமுள்…” என்று தனியாக அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. “பிடிச்சிருக்கோன்னோ? முடிச்சுட்டுத் தரேன். ஆனா பத்திரமா திருப்பிக் கொடுத்துடணும். இந்த ஊர்ல தமிழ்ப் புஸ்தகத்தை இரவல் வாங்கிண்டு போறவா யாரும் திருப்பித் தர்றதே இல்லை.”